குழந்தைகளுக்குப் பேரீச்சை: வாங்குவதிலிருந்து தட்டில் வைப்பது வரை முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் பேரீச்சம்பழங்களை நீளவாக்கில் கீறிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டுப் பழம் சரியாக இருந்தது. அடுத்த பழம் வெளியே பார்க்க மற்ற எல்லாவற்றையும்விட அழகு. தோலில் சுருக்கமே இல்லை, பளபளவென்று இருந்தது. பிளந்தால் கொட்டையைச் சுற்றிக் கரித்தூள் போலக் கறுப்புப் பொடி. விரலில் ஒட்டிக்கொண்டது, ஊதினால் பறந்தது. பூஞ்சை. அதுவரை நுனியைக் கிள்ளிக் கொட்டையைப் பிதுக்கிவிட்டு, உள்ளே பார்க்காமலே அவள் கையில் கொடுத்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று முதல் எங்கள் சமையலறையில் ஒரு விதி உண்டு. பிளந்து உள்ளே பார்க்காத பேரீச்சை குழந்தையின் வாய்க்குப் போகாது. இந்த வழிகாட்டியில் நீங்கள் எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம். பின்னால் வரும் வயதுக் கட்டுப்பாடுகளைத் தவிர, மற்றவை பெரும்பாலும் ருசிக்கும் வசதிக்கும் உரியவை.

பேரீச்சையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

பேரீச்சை சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று நம் பலருக்கும் சிறு வயதிலிருந்தே சொல்லி வைத்திருக்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் பேரீச்சையில் இரும்புச்சத்து சுமார் 1 மில்லிகிராம்தான். ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் தேவை. பேரீச்சையை மட்டும் நம்பினால் தினமும் 700 கிராம் ஊட்ட வேண்டியிருக்கும். குழந்தைக்கு ரத்தசோகை என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அவர் கொடுத்த மருந்தைத் தவறாமல் கொடுங்கள். அந்த இடத்தைப் பேரீச்சை நிரப்பாது.

இதைச் சொல்வது பழத்தைக் குறைத்துப் பேச அல்ல. அதே 100 கிராமில் 6 முதல் 8 கிராம் நார்ச்சத்தும், 650 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியமும், ஓரளவு மெக்னீசியமும் இருக்கின்றன. வெள்ளைச் சர்க்கரையில் இவற்றில் எதுவும் இல்லை. ஆனால் கூடவே 63 முதல் 66 கிராம் வரை சர்க்கரையும் இருக்கிறது. பெரிய மெட்ஜூல் ரகப் பழம் ஒன்றில், கொட்டை நீக்கிய பிறகு, சுமார் 16 கிராம் சர்க்கரை இருக்கும். சின்ன டெக்லட் நூர் பழத்தில் நான்கரை கிராம். ‘இரண்டு பழம்’ என்று எண்ணிக்கையில் சொல்வதில் பொருளே இல்லாமல் போவது இதனால்தான். எந்த ரகத்தில் இரண்டு என்று பார்க்க வேண்டும்.

ஆகவே பேரீச்சையை நார்ச்சத்துள்ள ஓர் இனிப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். தின்பண்டத்தில் சர்க்கரை போடும் இடத்தில் இதைப் போடலாம். சர்க்கரை போட்ட பண்டத்தோடு கூடுதலாக இதையும் கொடுப்பதில் பலன் இல்லை.

பேரீச்சைப் பாகு வேறு கதை. பழத்தை வேகவைத்துப் பிழிந்து வடிகட்டும்போது நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டிப் பாகில் ஏறக்குறைய 14 கிராம் இருக்கும். முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் தனியாக வைத்துப் பார்க்கிறது. பாகு, தேன், பழச்சாறு ஆகியவற்றில் இருப்பதையோ, நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் அடக்க வேண்டிய சர்க்கரையோடு சேர்த்து எண்ணுகிறது. என் வீட்டில் பாகு வாங்குவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. விழுது இருந்தால் பாகு தேவைப்படுவதே இல்லை. அதை எப்படிச் செய்வது என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதல் படி: எந்த வேலைக்கு எந்தப் பழம்

பேரீச்சை மரத்தைப் பெரும்பாலும் அடிமரத்திலிருந்து கிளைக்கும் பக்கக்கன்றை எடுத்தே பயிரிடுகிறார்கள். கன்று தாய்மரத்தை அப்படியே ஒத்திருக்கும். விதை போட்டு வளர்த்தால் பழம் எப்படி வரும் என்று சொல்ல முடியாது. 1927-ல் மொராக்கோவில் ஒரு நோய் பேரீச்சைத் தோப்புகளை அழித்துக்கொண்டிருந்தபோது, வால்ட்டர் ஸ்விங்கிள் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் மெட்ஜூல் கன்றுகள் பதினொன்றைத் தன் நாட்டுக்குக் கொண்டு போனார். பிழைத்தவை ஒன்பது. அந்த ஒன்பதிலிருந்து அங்கே தோப்பு தோப்பாக அதே பழம் வந்தது. பெட்டியில் ரகத்தின் பெயர் தெளிவாக அச்சிட்டிருந்தால், உள்ளே இருக்கும் பழம் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே கணிக்கலாம். பெயரே இல்லாத பெட்டியில் அது முடியாது.

மெட்ஜூல் பெரியது, சதைப்பற்றானது. கிளறிய இனிப்பு போல வாயில் கரையும். அப்படியே பிளந்து உள்ளே ஏதாவது நிரப்பிக் கொடுக்க இதுதான் சரி. அரைத்துக் கேக்கில் போடுவதற்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

டெக்லட் நூர் மெலிந்தது, கொஞ்சம் உலர்ந்தது, கெட்டியானது. நறுக்கினால் துண்டு துண்டாக நிற்கும். பிஸ்கட், ஓட்ஸ் பார், கேக் ஆகியவற்றுக்கு நான் எப்போதும் வாங்குவது இதைத்தான். ஊறவைத்தால் விழுதுக்கும் நன்றாக வரும்.

மஸாஃபதி கறுத்தது, ஈரம் மிகுந்தது, மெல்லிய தோல். ஈரானில் விளைவது, கிம்யா போன்ற வணிகப் பெயர்களிலும் கிடைக்கிறது. பாலில் அடிக்க இதற்கு இணையில்லை. ஆனால் ஈரத்தினாலேயே சீக்கிரம் புளிக்கும். குளிர்பெட்டியில் வைக்காமல் வெளியே அடுக்கியிருந்தால் வாங்காதீர்கள்.

அஜ்வா மதீனாவின் பழம். கறுப்பு, மென்மை, மிதமான இனிப்பு. அதைச் சமைப்பது வீண், அப்படியே சாப்பிடுங்கள். சுக்கரி பெயருக்கேற்ற தித்திப்பு, பொன்னிறம், வாயில் பொடிப்பொடியாக உடையும். குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்பதாலேயே இதில் அளவு பார்க்க வேண்டும்.

மஞ்சள் நிறத்தில், கொத்தோடு, ஆப்பிள் போல மொறுமொறுப்பாகச் சில சமயம் வருமே, அது பெரும்பாலும் பர்ஹி. முழுதாகப் பழுத்து உலர்வதற்கு முந்தைய நிலை அது. கடினமாக இருப்பதால் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். வாங்கிவிட்டால் ஃபிரீஸரில் ஒரு நாள் வைத்து எடுங்கள். வெளியே வந்து குளிர் விட்டதும் தானாக நெகிழ்ந்து மென்மையாகிவிடும்.

இரண்டாம் படி: கடையில் நின்று பார்க்க வேண்டியவை

முதலில் பெட்டியின் பின்பக்கம். சேர்மானப் பட்டியலில் ‘பேரீச்சம்பழம்’ என்ற ஒரே ஒரு சொல் இருந்தால் போதும், வேறெதுவும் தேவையில்லை. குளுக்கோஸ் பாகு, தாவர எண்ணெய் என்று எழுதியிருந்தால் அந்தப் பளபளப்பு வெளியிலிருந்து பூசியது. சுருக்கம் விழுந்த தோல் குறையே அல்ல. தோல் சதையைவிட்டு உப்பிக்கொண்டு தனியாக நின்றாலும் பரவாயில்லை. பழுக்கும்போது சதை சுருங்குவதால் வருவது அது, ருசியில் பெரிய மாற்றம் இராது.

நறுக்கித் தூளில் புரட்டிய துண்டுகளாகவும் விற்கிறார்கள். அந்தத் தூள் அரிசி மாவாகவோ ஓட்ஸ் மாவாகவோ இருக்கும். குழந்தைக்கு குளூட்டன் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள புரதம்) ஆகாதென்றால் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

அடுத்து, வெள்ளைப் படிவு. இங்கேதான் பலரும் குழம்பிப் போகிறார்கள். நானும் ஒரு பெட்டி நல்ல பழத்தை பூசணம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருக்கிறேன். தோலுக்கு அடியில் வெண்ணிறப் புள்ளிகளாக, தொட்டால் நறநறவென்று மணல் போல இருந்தால் அது சர்க்கரை பூத்தது. நாள்பட்ட பழத்திலும் குளிரில் வைத்த பழத்திலும் உள்ளிருக்கும் சர்க்கரை உறைந்து அப்படி ஆகும். ஒரு பழத்தைச் சுடுநீரில் ஐந்து நிமிடம் போட்டால் புள்ளி கரைந்து மறைந்துவிடும். பூசணம் கரையாது. அது பஞ்சு போலத் தோலுக்கு மேலே நிற்கும், காம்பு இருந்த குழியில்தான் பெரும்பாலும் தொடங்கும், மக்கிய வாடையும் வீசும்.

வாடையைத் தனியாகவே சொல்ல வேண்டும். நல்ல பேரீச்சைக்குத் தேனும் காய்ந்த இலையும் கலந்தது போன்ற மெல்லிய மணம். பெட்டியைத் திறந்ததும் வினிகர் போலவோ சாராயம் போலவோ மூக்கில் ஏறினால் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பெட்டியைக் கழுவியோ வேகவைத்தோ காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

கொட்டை நீக்கிய பழத்தை வாங்கலாமா என்று கேட்டால், குழந்தைகளுக்கென்றால் கொட்டையோடு வாங்குங்கள் என்பேன். கொட்டையை எந்திரத்தால் தள்ளி எடுக்கும்போது சில பழங்களில் துணுக்கு உள்ளேயே தங்கிவிடும், பால்பல்லுக்கு அது ஆபத்து. பழமும் வாய் திறந்து கிடப்பதால் சீக்கிரம் காய்ந்து போகும். இரண்டுக்கும் மேலாக, கொட்டையோடு வாங்கினால் எப்படியும் பிளந்தாக வேண்டும். அப்போது உள்ளே பார்த்துவிடுவீர்கள்.

மூன்றாம் படி: பத்திரப்படுத்துவது

வீட்டுக்கு வந்ததும் கழுவாதீர்கள். ஈரம் பட்டால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். சாப்பிட எடுக்கும்போது மட்டும் கழுவினால் போதும்.

காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டில் நல்லது. பக்கத்தில் இருக்கும் பொருளின் வாடையைப் பேரீச்சை இழுத்துக்கொள்ளும், ஆகவே ஃபிரிட்ஜில் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் அருகில் வைக்க வேண்டாம். டெக்லட் நூர் போன்ற உலர்ந்த ரகங்கள் வெயில் படாத இடத்தில் ஒரு மாதம் வரை வெளியே தாங்கும். புழுக்கமான பருவத்தில் அதையும் உள்ளே வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் ஆறு மாதம் நன்றாக இருக்கும். மஸாஃபதி போன்ற ஈரப் பழத்தை முதல் நாளிலிருந்தே குளிரில்தான் வைக்க வேண்டும்.

ஃபிரீஸரில் ஓராண்டு வரை வைக்கலாம். சர்க்கரை மிகுதியால் பேரீச்சை கல்லாக உறையாது, எடுத்து ஐந்து நிமிடத்தில் கத்தி இறங்கும். இன்னொரு பயனும் உண்டு. சில்லறையாகவோ திறந்த மூட்டையிலிருந்தோ வாங்கிய பழமென்றால், -18 டிகிரி செல்சியஸில் ஐந்து நாள் வைத்தெடுத்தால் உள்ளே இருக்கக்கூடிய பூச்சி முட்டைகள் செத்துவிடும். நான் மொத்தமாக வாங்கும் எல்லாப் பழத்துக்கும் இதைச் செய்கிறேன். ஃபிரீஸரிலிருந்து எடுத்த டப்பாவைக் குளிர் விடும் வரை திறக்காதீர்கள். சில்லென்ற பழத்தின்மேல் நீர்த்துளி படிந்தால் அந்த ஈரத்தோடேயே மறுபடி உள்ளே போகும். ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சின்னப் பைகளில் பிரித்து வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நான்காம் படி: பிளப்பது, பார்ப்பது, ஊறவைப்பது

பழத்தை ஓடும் தண்ணீரில் விரலால் தடவிக் கழுவித் துணியில் ஒற்றி எடுங்கள். தோலின் சுருக்கத்தில்தான் மண் ஒளிந்திருக்கும். சின்னக் கத்தியால் நீளவாக்கில் கொட்டை தட்டுப்படும் வரை கீறி, இரண்டு கட்டைவிரலாலும் புத்தகம் போல விரியுங்கள். வெளிச்சத்தில் பாருங்கள். உட்புறம் ஒரே நிறமாக, பழுப்பாக, கொட்டையை ஒட்டி வெண்ணிறச் சவ்வோடு இருக்க வேண்டும். அந்தச் சவ்வு இயல்பானது. கறுப்புப் பொடி, நூலாம்படை, மரத்தூள் போன்ற துகள், சின்னத் துளை, இவற்றில் எது இருந்தாலும் அந்தப் பழம் குப்பைக்கு. அதைத் தொட்ட கத்தியையும் விரலையும் கழுவிவிட்டு அடுத்த பழத்தை எடுங்கள். காம்புத் தொப்பி ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் கிள்ளிவிட வேண்டும், தொண்டையில் குத்தும்.

20 பழம் பிளக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான்கு வயதுக்கு மேல் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கீறுங்கள், கொட்டையை அவர்கள் எடுக்கட்டும். தானே கொட்டை எடுத்த பழத்தில் செய்த பண்டத்தைக் குழந்தை வேண்டாம் என்று ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

காய்ந்த பழமானால் சுடுநீரில் 10 நிமிடம், மிகவும் இறுகியிருந்தால் 20 நிமிடம் ஊறட்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டாதீர்கள். அதிலும் இனிப்பு இறங்கியிருக்கும், அரைக்கும்போது அதையே ஊற்றுங்கள்.

எந்த வயதில் எப்படி

பேரீச்சை மென்மையாகத் தெரிந்தாலும் பசை மிகுந்தது. உருண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் இருமி வெளியே தள்ளுவது சின்னக் குழந்தைக்குக் கடினம். அதனால் இந்தப் பகுதியில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

ஒரு வயதுக்குள் பேரீச்சை தேவையே இல்லை. காய், பருப்பு, முட்டை, தானியம் இவற்றின் இயல்பான ருசி பழகும் காலம் அது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், திட உணவு தொடங்கிய பிறகு, நன்றாக அரைத்து வடித்த விழுதில் அரைத் தேக்கரண்டியைக் கஞ்சியில் கரைத்துக் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. பேரீச்சையோடு தேன் கலந்து கொடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், தேனிலிருந்து வரக்கூடிய பாட்டுலிசம் என்ற நச்சு நோய் பச்சிளங்குழந்தைக்கு உயிராபத்து.

ஒன்றிலிருந்து நான்கு வயது வரை விழுதாகவோ, ஊறவைத்துப் பொடியாக நறுக்கி வேறு உணவில் கலந்தோ மட்டும் கொடுங்கள். முழுப் பழமும் பெரிய துண்டும் வேண்டாம். ஐந்து வயது ஆகும் வரை முழு பாதாம், முந்திரி, வேர்க்கடலை எதையும் உள்ளே வைக்காதீர்கள், தூளாகவோ வெண்ணெய் போல அரைத்தோ சேருங்கள். எந்த வயதிலும் உட்கார்ந்து சாப்பிடட்டும். ஓடும்போதும் வண்டியில் போகும்போதும் இந்தப் பழம் வேண்டாம்.

பல்லில் ஒட்டும் இனிப்பு என்பதால் நாள் முழுக்கக் கொறிக்கக் கொடுப்பதைவிட, சாப்பாட்டை ஒட்டியோ ஒரே வேளைச் சிற்றுண்டியாகவோ கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைப்பது நல்லது. இரவு பல் துலக்கிய பிறகு கூடாது. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ள குழந்தைகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், பொட்டாசியம் இதில் கணிசமாக இருக்கிறது.

ஐந்தாம் படி: விழுது, எல்லாவற்றுக்கும் அடிப்படை

கொட்டை நீக்கிய பேரீச்சை 250 கிராம். சுடுநீர் 150 மில்லி. ஒரு சிட்டிகை உப்பு. இவ்வளவுதான்.

பழத்தின்மேல் சுடுநீரை ஊற்றி மூடி 15 நிமிடம் வையுங்கள். மிக்ஸியில் முதலில் பழத்தையும் பாதித் தண்ணீரையும் போட்டு விட்டு விட்டு ஓட்டுங்கள். ஊறாத பழத்தை அப்படியே போட்டு ஓட்டினால் எல்லாம் ஒரே உருண்டையாகத் திரண்டு பிளேடைக் கவ்விக்கொள்ளும். மோட்டார் முனகத் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் கருகிய வாடையும் வரும். அந்தச் சத்தம் மாறியவுடனே நிறுத்திவிடுங்கள். கரண்டியால் ஓரங்களை வழித்து, மீதித் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அரைத்தால், கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழுக்கி விழும் பதத்தில் விழுது வரும். ஒரு வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் சல்லடையில் தேய்த்துத் தோலை நீக்கிவிடுங்கள்.

ஏறக்குறைய 400 கிராம் கிடைக்கும். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 8 கிராம் சர்க்கரை. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும், ஈரக் கரண்டி படக்கூடாது. மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக் கட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டால் மூன்று மாதம் கவலையில்லை.

கேக், பிஸ்கட் செய்முறையில் 100 கிராம் சர்க்கரைக்குப் பதில் 150 கிராம் விழுது போடுங்கள். இனிப்பு மூன்றில் இரண்டு பங்காகக் குறையும், குழந்தைகளுக்கு அது போதும். விழுதிலேயே தண்ணீர் இருப்பதால் செய்முறையில் உள்ள பால் அல்லது தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டியைக் குறைத்துவிடுங்கள். பேரீச்சையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் மிகுதி, வெள்ளைச் சர்க்கரையைவிட சீக்கிரம் சிவந்துவிடும். ஓவன் சூட்டை 15 டிகிரி குறைத்து வைத்தால் மேலே கருகாமல் உள்ளே வேகும். சர்க்கரை போட்ட பிஸ்கட்டின் மொறுமொறுப்பு மட்டும் விழுதில் வராது. மென்மையாகத்தான் இருக்கும், அதை எதிர்பார்த்தே செய்யுங்கள்.

ஆறாம் படி: பண்டங்கள்

*எள்ளும் ஓட்ஸும் சேர்த்த உருண்டை*

எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் செய்வது இது. கொட்டை நீக்கிய பேரீச்சை 200 கிராம், தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை 100 கிராம், ஓட்ஸ் 50 கிராம், எள் 2 மேசைக்கரண்டி, கோகோ 1 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு.

ஓட்ஸை வெறும் வாணலியில் சிறு தீயில் வறுங்கள். கையில் எடுத்தால் சுருக்கென்று உடைய வேண்டும், பிஸ்கட் வேகும் மணம் வர வேண்டும். எள்ளைத் தனியாக வறுங்கள். படபடவென்று பொரிந்து அடங்கும் நேரத்தில் இறக்கிவிடுங்கள், அதற்கு மேல் போனால் கசக்கும். ஆறியதும் கடலை, ஓட்ஸ், எள் மூன்றையும் நறநறப்பு இல்லாமல் பொடியுங்கள். அரைக்கும்போது சூடாகிக் கடலை எண்ணெய் விடத் தொடங்கும், அதற்கு முன் நிறுத்த வேண்டும். பொடியோடு கோகோவும் உப்பும் சேர்த்து, நறுக்கிய பேரீச்சையைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு விட்டு விட்டு ஓட்டுங்கள். பொடி கூட இருப்பதால் பிளேடில் ஒட்டாது.

பதம் எப்படித் தெரியும்? ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்தால் விரல் ரேகை அதில் பதிந்திருக்க வேண்டும், உதிரக்கூடாது, உள்ளங்கையில் அப்பிக்கொள்ளவும் கூடாது. உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி சுடுநீர் தெளியுங்கள். அப்பினால் ஒரு கரண்டி ஓட்ஸ் பொடி. 15 கிராம் அளவில் உருட்டினால் 24, 25 உருண்டை வரும். ஒவ்வொன்றிலும் பேரீச்சை 8 கிராம்தான், அதாவது ஐந்து கிராமுக்குச் சற்றே கூடுதலான சர்க்கரை. சின்னக் குழந்தைக்கு உருண்டையாகக் கொடுக்காதீர்கள், தட்டையாக அழுத்தி விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுங்கள். ஃபிரிட்ஜில் 10 நாள் இருக்கும்.

வேர்க்கடலையோ எள்ளோ ஒவ்வாத குழந்தை என்றால் இரண்டுக்கும் பதில் சூரியகாந்தி விதை 120 கிராம் போடலாம். பள்ளிக்குக் கொடுத்தனுப்புமுன் அங்கே கடலைக்குத் தடை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

*அடுக்கு ஓட்ஸ் பார்*

ஓட்ஸ் 180 கிராம், கோதுமை மாவு 100 கிராம், உருக்கிய வெண்ணெய் 110 கிராம், விழுது 2 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் விரல் நுனியால் பிசிறி, ஈர மணல் போல ஆனதும் பாதியை 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் தாள் போட்டு அழுத்துங்கள். 300 கிராம் விழுதில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து பரப்புங்கள். அந்தச் சாறு இல்லாவிட்டால் இனிப்பு ஒரே தட்டையாக இருக்கும். மீதிப் பிசிறலை மேலே தூவி 170 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். சூட்டோடு வெட்டினால் சரிந்துவிடும், முழுக்க ஆறட்டும். 16 துண்டு வரும். பள்ளிக்கூட டப்பாவில் கையில் ஒட்டாமல் போய்ச் சேரும் ஒரே பேரீச்சைப் பண்டம் இதுதான் என்று தோன்றுகிறது.

*வாழைப்பழ பான்கேக்*

நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்று, முட்டை இரண்டு, ஓட்ஸ் மாவு 80 கிராம், விழுது 2 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி. எல்லாம் ஒன்றாக அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, குழந்தையின் உள்ளங்கை அளவில் ஊற்றிச் சிறு தீயில் சுடுங்கள். தீ கூடினால் அடி கறுத்து நடு பச்சையாக நிற்கும். ஒரு வயதுக் குழந்தையும் மென்று சாப்பிடும்.

*சாக்லேட் தடவல்*

கடையில் வாங்கும் சாக்லேட் தடவலுக்கு மாற்று. விழுது 200 கிராம், வறுத்து வெண்ணெய் போல அரைத்த பாதாம் அல்லது வேர்க்கடலை 100 கிராம், கோகோ 20 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, மூன்று நான்கு மேசைக்கரண்டி பால். வழுவழுவென்று அரைபட நேரமெடுக்கும், பொறுமையாக ஓட்டுங்கள். பால் இருப்பதால் ஃபிரிட்ஜில் ஐந்து நாள்தான். ரொட்டியில் மெலிதாகத் தடவுங்கள், கரண்டியில் குவித்துக் கொடுத்தால் பசையாகத் தொண்டையில் ஒட்டும்.

*பால்*

250 மில்லி பாலுக்கு மூன்று சின்னப் பழம். பாலைக் காய்ச்சி இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பழத்தை ஊறவைத்து அடியுங்கள். கொதிக்கும் பாலில் போடாதீர்கள், பழம் கொஞ்சம் புளித்திருந்தாலும் பால் திரிந்துவிடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் போதும், அது ஒரு வேளைச் சிற்றுண்டிக்குச் சமம்.

*தயிர்க் குச்சி*

கெட்டித் தயிர் 300 கிராம், விழுது 4 மேசைக்கரண்டி, மசித்த பழம் ஏதாவது ஒரு கைப்பிடி. அடித்து ஐஸ் குச்சி அச்சில் ஊற்றி ஆறு மணி நேரம் உறையவையுங்கள். ஆறு குச்சி வரும். புளிப்பான பழமாகச் சேர்த்தால் அதிலுள்ள வைட்டமின் சி, பேரீச்சையில் இருக்கும் கொஞ்ச இரும்புச்சத்தையும் உடல் நன்றாக எடுத்துக்கொள்ள உதவும். பேரீச்சையில் வைட்டமின் சி அநேகமாக இல்லை.

*நிரப்பிய மெட்ஜூல்*

ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். பிளந்து பார்த்த பழத்துக்குள் ஒரு தேக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய் வைத்து மூடி, ஒரு மணி நேரம் ஃபிரீஸரில் வையுங்கள். வட்ட வட்டமாக வெட்டிப் பாதிப் பழம் ஒரு குழந்தைக்குக் கொடுங்கள்.

மிஞ்சிய காய்ந்த பழம்

பெட்டியின் அடியில் எப்போதும் நாலைந்து பழம் கல்லு போலக் கிடக்கும். வாடையும் உள்ளும் சரியாக இருந்தால் அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு கிண்ணத்தில் போட்டு, மேலே ஈரத்தை நன்றாகப் பிழிந்த துணியை மூடி, ஆவியில் ஐந்து நிமிடம் வையுங்கள். தோல் தளர்ந்து கத்தி வழுக்கிக்கொண்டு போகும். சூட்டோடு பொடியாக நறுக்கிக் காலைக் கஞ்சியில் கிளறிவிட்டால், அன்று அந்தக் கஞ்சிக்குச் சர்க்கரை வேண்டாம்.